ஆறாம் வரிசை நாலாம் வீட்டுக்காரர்

ஆறாம் வரிசை நாலாம் வீட்டுக்காரரைப் போல ஒரு நல்ல அண்டைவீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. அவரையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். சத்தமாகப் பாட்டு வைக்க மாட்டார். குக்கர் இரவல் கேட்க மாட்டார். கருவாடு வறுக்கும்போது காற்றுக்குழாயை மூட மறந்து வரிசை முழுவதையும் நாற அடிக்க மாட்டார். நான் ஐந்தாம் வீட்டில் குடியேறியதிலிருந்து எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தது கிடையாது.

எங்கள் ஊர் கிளாத்திப்பார். கடலடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்தைப் பார் என்பார்கள் எங்கள் பக்கத்தில். தூத்துக்குடியிலிருந்து படகில் கிழக்கே போய், இறங்குகூண்டில் உட்கார்ந்தால், அடைத்த காது திறப்பதற்குள் ஊர் வந்துவிடும். கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த வீடுகள், வரிசை வரிசையாக. கடற்பாசிப் பண்ணையில் வேலை பார்ப்பவர்கள், குழாய் பற்றவைப்பவர்கள், என்னைப் போல மேலே இரைச்சல் பொறுக்காமல் இறங்கி வந்தவர்கள் என்று ஒரு கலவையான ஊர். என் ஜன்னலுக்கு வெளியே தினமும் காலையில் ஒரு திருக்கை மீன் வந்து நின்று, நான் பிரித்து வைத்திருக்கும் செய்தித்தாளைப் படித்துவிட்டுப் போகும். விளையாட்டுப் பக்கம் வந்ததும் கிளம்பிவிடும். அதற்கு அதில் அக்கறை இல்லை.

ஊரில் காற்று, தண்ணீர், விளக்கு, கதவு எல்லாம் நெட்வொர்க்கின் பொறுப்பு. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியும். தலைக்குத் தகுந்தபடி காற்று அனுப்பும். மனிதர்களிடம் விட்டிருந்தால் வேண்டியவர்களுக்கு இரண்டு மடக்கு கூடப் போயிருக்கும்.

பிரகாசி குழாய் பற்றவைப்பவள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. புருஷன் சேசடிமை மேலே படகு மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாசிப் பண்ணையில் ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ஜோடியாகக் குடியிருக்கத் தனி வீடு இருந்தால்தான் கீழே வரலாம் என்பது விதி. அதுவரை பிரகாசி பெண்கள் விடுதியில் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சேசடிமை கூண்டில் இறங்கி வருவான். பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பேரும் ஊரே பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். புதுப் பெண்டாட்டியோடு வாராவாரம் மோட்டார் ஆயிலைப் பற்றிப் பேச வேண்டியிருந்த ஒரே மாப்பிள்ளை அவன்தான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் வேறு எதைப் பேசுவது? மழைக்காலம் தொடங்கும் முன் அவன் இறங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் அவள் இங்கே, அவன் அங்கே, நடுவில் அந்த பெஞ்சு.

ஊரில் காலியாக இருந்தது நாலாம் வீடு ஒன்றுதான். அதைக் கமிட்டி அவர்களுக்கு ஒதுக்கியது. பிரகாசி பால் காய்ச்சப் பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றாள். கதவு மரியாதையாகச் சொன்னது: "உள்ளே ஒருவர் வசிக்கிறார். அவருடைய சம்மதம் இல்லாமல் திறக்க இயலாது."

கடலுக்கு அடியில் கதவு என்பது விளையாட்டு இல்லை. உள்ளே இருப்பவர் அறியாமல் திறந்தால் அழுத்தம் மாறி ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால் யார் சொன்னாலும், கமிட்டித் தலைவரே சொன்னாலும், கதவு மீறாது.

பிரகாசி முக்குளிப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நாலாம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு தூசி படிந்த மேஜை. வேறு ஒன்றுமில்லை. அதை வந்து சொன்னாள். கதவு ஒப்புக்கொள்ளவில்லை. அதன் கணக்கில் ஒருவர் இருந்தார். அவருக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊருக்கு அவர்மேல் ஆர்வம் வந்தது. பழைய விவரங்களைக் கிளறியதில், வாக்காளர் பட்டியலிலும் அவர் இருந்தார். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் ஆதரிக்காமலும் எதிர்க்காமலும் நடுநிலை வகித்திருக்கிறார். அவரைச் சேர்த்துத்தான் இரண்டு தடவை கூட்டத்துக்கு ஆள் போதுமென்று முடிவாகியிருக்கிறது. அந்தக் கூட்டங்களில் எடுத்த தீர்மானங்கள் செல்லுமா என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. பண்ணையில் காணாமல் போன இரண்டு மண்வெட்டிகளை அவர் கணக்கில் எழுதலாமா என்று இன்னொரு கோஷ்டி. சிலர் வாசலில் ஊதுபத்தி கொளுத்தினார்கள். கதவு புகையைக் கண்டு கூச்சல் போட்டதும் விட்டுவிட்டார்கள். பிரகாசி மட்டும் வேலை முடிந்து போகும்போதெல்லாம் அந்தக் கதவைத் தட்டி, "நாங்க சின்ன இடத்துல ஒதுங்கிக்கிடுவோம். தொந்தரவு பண்ண மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் கரையிலிருந்து கோமதிநாயகத்தை அனுப்பினார்கள். நெட்வொர்க்குக்குப் புரோகிராம் எழுதும் ஆள். கல்லிடைக்குறிச்சிக்காரர். கடலுக்குப் பயந்ததைவிட, கையோடு கொண்டுவந்த அப்பளம் ஈரத்தில் நமுத்துப்போகுமே என்றுதான் அவர் அதிகம் பயந்தார். என் வீட்டில் தங்கவைத்தார்கள், நாலாம் வீட்டுச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று. வந்ததும் உட்கார்ந்து, நாலாம் வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். உடனே பதில் வந்தது: "பெட்டிகள் அடங்கிய பெட்டி எதிர்பார்க்கப்பட்டது. வெறும் பெட்டி வந்துள்ளது."

பிரகாசி அது என்ன என்று கேட்டாள். அவர் என் அடுக்கு டிபன் கேரியரை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இந்தா பாரும்மா. ஊருங்கிறது பெரிய பெட்டி. அதுக்குள்ள வரிசைங்கிற பெட்டி. அதுக்குள்ள வீட்டுப் பெட்டி. அதுக்குள்ளதான் ஆளு. ஒரே ஒரு ஆளா இருந்தாலும் இத்தனை பெட்டிக்குள்ள வச்சுத்தான் குடுக்கணும். நான் அவசரத்துல ஒரு பெட்டியை விட்டுட்டேன். அதான் வாங்க மாட்டேங்குது."

"ஒரு ஆளுக்கு எதுக்கு சார் இத்தனை பெட்டி?"

"அதுக்கு ஆளைத் தெரியாது. பெட்டியைத்தான் தெரியும்."

சரி என்று ஒரு பெட்டி கூடப் போட்டு எழுதினார். இந்தத் தடவை அவசரத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார். நெட்வொர்க் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. நாலாம் வீட்டைத் தவிர ஆறாம் வரிசை முழுவதையும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொண்டது. வீடுகளுக்கு நடுவில் இருந்த கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. பட்டியலில் என் பெயர் முதலில் இருந்ததால் நான் குடும்பத் தலைவன். ஒன்றாம் வீட்டம்மாளும் மூன்றாம் வீட்டம்மாளும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்று மத்தியானம் நெட்வொர்க் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சோறு வடித்ததால் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. மூன்றாம் வீட்டம்மாள், ரசத்தில் உப்பு கம்மி என்று பொதுவாகச் சொன்னார். ஒன்றாம் வீட்டம்மாள் உப்பை நகர்த்தி வைத்தார். கோமதிநாயகம் சாயங்காலம் பழையபடி பிரித்துவிட்டார். என் தலைமையில் குடும்பம் நன்றாகத்தான் இருந்தது. யாரும் அதைக் குறிப்பிடவில்லை.

அதற்கு மேல்தான் அவர் நிதானத்துக்கு வந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். வீட்டில் ஆள் இல்லையென்றால் உள்பெட்டி காலியாக இருக்க வேண்டும். நாலாம் வீட்டின் உள்பெட்டியில் ஒன்று இருந்தது. பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. ஒரு பூஜ்யம். யாரோ கையால் போட்டது.

அந்தப் புரோகிராமை முதன்முதலில் எழுதியவர் சண்முகவடிவு. ஓய்வுபெற்று ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தார். கோமதிநாயகம் அவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டார். விஷயத்தைக் கேட்டவுடன் அந்தம்மா, அந்தப் பூஜ்யத்தில் கை வைத்துவிடாதே என்றார்.

"காலிப் பெட்டியை அனுப்பினா அதுக்கு என்ன பெட்டின்னே தெரியாது தம்பி. ஆளு இருக்கிற பெட்டியா, உப்பு வைக்கிற பெட்டியா? உள்ள ஏதாவது கிடந்தாத்தானே கண்டுபிடிக்கும். ஆரம்பத்துல ஒரு வீட்டைக் காலின்னு அனுப்பினேன். உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கின்னு நெனச்சு, காத்தை நிறுத்தி, கதவைச் சேத்து அடைச்சிட்டு. நல்லவேளை உள்ள ஆள் இல்லை. அதான் ஒரு பூஜ்யத்தைப் போட்டேன். மனுஷன் இருக்கிற இடம்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்லா."

"வேற வழியில்லையாக்கா? பெட்டிமேல ஒரு குறிப்பு எழுதி..."

"இருந்திருக்கும். எனக்கு அதுதான் மனசுக்கு ஒப்புச்சு. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாவா திருப்பிக் குடுப்பாவ? ஒரு கை சீனியாவது போட்டுத்தானே குடுப்போம்."

அந்தக் காலத்தில் அதனால் பிரச்சினை இல்லை. புது ஆள் வந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பூஜ்யம் தானாக விலகிவிடும். உள்ளே இருப்பவர் சம்மதம் வேண்டும் என்ற விதி அப்புறம் வந்தது, வேறொரு நல்ல மனுஷர் போட்டது. இரண்டு நல்ல காரியமும் ஒரே வீட்டு வாசலில் சந்தித்ததில் கதவு அடைபட்டுப் போயிற்று. பூஜ்யத்தை எடுத்தால் வீடு கிட்டங்கியாகிவிடும். எடுக்காவிட்டால் அவர் சம்மதிக்க வேண்டும். அவரோ பதில் சொல்கிற ரகம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் வைத்து பிரகாசி இதையெல்லாம் புருஷனிடம் சொன்னாள். கோமதிநாயகமும் நானும் பக்கத்தில் நின்றோம். மழைக்கு அதிக நாள் இல்லை. சேசடிமை கையில் ஒட்டியிருந்த கிரீஸை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்து, சிரிப்பில்லாமல் சொன்னான்:

"கேட்டா பதில் சொல்லத் தெரியாது. பேரும் இல்ல. எழுந்து வந்து கதவைத் திறக்கவும் மாட்டான். அவன் என்ன, கைப்பிள்ளையா?"

கோமதிநாயகம் அவனையே பார்த்தார். உடனே என் வீட்டை நோக்கி நடந்தார். அவர் நடந்து நான் பார்த்தது அதுவரை சாப்பாட்டுக்கு மட்டும்தான். நாங்களும் பின்னால் போனோம். சேசடிமையைப் பார்வையாளர் எல்லையில் கதவு நிறுத்திவிட்டது.

உள்ளே இருப்பவரை எடுக்கத்தான் தடை. விவரத்தைத் திருத்தத் தடையில்லை. வயது என்ற இடத்தில் பூஜ்யம் என்று போட்டார். அன்றைக்குப் பிறந்த குழந்தை என்று அர்த்தம். ஆளுக்குள்ளேயும் ஒரு பெட்டி இருந்தது, பெற்றவர்களுக்காக. அதில் பிரகாசி என்று எழுதினார். பெட்டி எதிர்பார்க்கப்பட்டது, பெயர் வந்துள்ளது என்று திரும்பி வந்தது. மறுபடி அதே தப்பு. பிரகாசி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து, "சார், அவரையும் சேர்த்துப் பெட்டிக்குள்ள போடுங்க" என்றாள். இரண்டு பெயரையும் ஒரு பெட்டியில் வைத்தார். பிள்ளைக்குப் பேர் வேண்டும் என்று கேட்டது. ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும். பிரகாசி கொஞ்சம் யோசித்து, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நேசம் என்று வைத்தாள்.

அனுப்பினார். அவ்வளவுதான்.

ஒரு பெரிய மனுஷர் தனியாக இருப்பதாக நினைத்து வருஷக்கணக்கில் நிம்மதியாக இருந்த நெட்வொர்க், உள்ளே ஒரு பச்சைக் குழந்தை ஆளில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் துடித்துப்போய்விட்டது. ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதியது. விளக்குகள் சிவப்பாயின. பாசிப் பண்ணைக்குப் போகும் காற்றைக் குறைத்து நாலாம் வீட்டுக்குத் திருப்பியது. அழுத்தம் சமமாயிற்றா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டது. அதே நேரத்தில் பார்வையாளர் எல்லைக் கதவு திறந்து, சேசடிமையை ஆறாம் வரிசைவரை கொண்டு வந்து தள்ளியது. பெற்றவர்கள் எங்கே என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் குரலில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது.

நாலாம் வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே தூசி வாசனை. இரண்டு பேரும் நுழைந்தார்கள்.

"குழந்தையைத் தூக்கவும்" என்றது வீடு.

சேசடிமை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிரகாசி யாரையும் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் போய், குனிந்து, ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். தலைக்குக் கீழே உள்ளங்கை வைத்துத்தான் தூக்கினாள். சங்கு நின்றது.

அன்று சாயங்காலம் பால் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. சேசடிமை திங்கட்கிழமை பண்ணை வேலையில் சேர்ந்தான். மழை புதன்கிழமை தொடங்கியது. கீழே எங்களுக்கு அது எப்போதும்போல வானொலிச் செய்திதான்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நெட்வொர்க் பொறுப்பை எடுத்தால் விடாது. ஒவ்வொரு மாதமும் நேசத்தின் எடை கேட்டது. பூஜ்யம் என்று போனது. பால் போதவில்லையா என்று பிரகாசிக்குக் கீரை அனுப்பியது. தடுப்பூசிக்குக் கூப்பிட்டது. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, பிரகாசியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, போட்டாயிற்று என்று எழுதிவிட்டுப் போவாள். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கைகூட வந்தது. சேசடிமை அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. இல்லாத பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றாலும், அப்பனைச் சொன்னால் உறைக்கத்தான் செய்கிறது.

மறு வருஷம் பிரகாசி உண்டானாள். சங்கதி தெரிந்த அன்றே நெட்வொர்க் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கூடவே இன்னொன்றும் சொன்னது. நாலாம் வீட்டுக் காற்று மூன்று பேருக்குத்தான். தாய், தகப்பன், நேசம். நாலாவது ஆளுக்கு இடமில்லை. பிரசவம் ஆனதும் தாயும் சிசுவும் கரைக்குப் போக வேண்டும்.

கோமதிநாயகம் மறுபடி வந்தார். இப்போது அந்த வீட்டில் ஆட்கள் இருப்பதால் பூஜ்யத்தை எடுத்தால் கிட்டங்கி ஆகாது. ஆனால் ஒரு குழந்தையைச் சும்மா எடுத்துவிட முடியாது. இறந்துவிட்டது என்று எழுத வேண்டும். தாய் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எழுதித் தயாராக வைத்திருந்தார். சேசடிமை சரி என்றான். நானும் வேறு வழி இல்லை என்றுதான் நினைத்தேன். பிரகாசி படித்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"செத்துட்டுன்னு எழுத எனக்குக் கை வராது, சார்."

"இல்லாத பிள்ளைதானேம்மா."

"ஏன் இல்ல? வயித்துலதானே இருக்கு. உங்க பெட்டியில பேர் முதல்ல வந்துட்டு, ஆளு இப்பதான் வருது. கொஞ்சம் பிந்திட்டு, அவ்வளவுதான்."

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் பார்த்தார். பிறக்கிற பிள்ளையையே நேசம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கில் மூன்று பேர்தான், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் கிளாத்திப்பாருக்கு வந்து ஒரு வரியும் எழுதாமல் திரும்பிப் போனது அந்த ஒரு தடவைதான். அப்பளத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண் குழந்தை. நர்ஸ் எடைத் தட்டில் கிடத்தி, நேசம் என்று எழுதினாள். அதுவரை பூஜ்யமாக இருந்த பிள்ளை ஒரே நாளில் மூன்று கிலோ ஏறிவிட்டதில் நெட்வொர்க்குக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. பிரகாசி சாப்பிட்ட கீரையை ஊரிலுள்ள தாய்மார்கள் அத்தனை பேருக்கும் சிபாரிசு செய்தது. நாங்கள் எல்லாரும் ஆறு மாதம் அந்தக் கீரையைத் தின்றோம்.

நேசம் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் எல்லாரையும்விடக் குள்ளம், வாய் மட்டும் எல்லாரையும்விட நீளம். போன வாரம் ஏதோ ஒரு பாடத்துக்காகப் பிறந்த நாள் கேட்டார்களாம். நெட்வொர்க் ஒன்று சொன்னது, அம்மா ஒன்று சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். நாலாம் வீட்டில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது புத்தகப் பையைக் கழற்றாமலேயே வந்து நின்றாள்.

"பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் இந்த வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

சேசடிமை என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன். பிரகாசி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மேல பஸ்ல போகும்போது பாத்திருக்கியா? கூட்டமா இருந்தா, ஜன்னல் வழியா ஒரு துண்டைப் போட்டு வப்பாவ. அந்த மாதிரி எங்க ரெண்டு பேருக்கும் நீ இடம் போட்டு வச்சிருந்த."

நேசத்துக்கு அதில் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ரெண்டு பேரும் வந்து சேர இவ்வளவு நேரமா" என்றாள்.